100-இலிருந்து 300-க்கு மாறியும் வேகம் கூடவில்லை: எங்கே தேடுவது?

#1 மின்மினி

வணக்கம். மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இனி தனியாக முடியாது என்று இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு. போன மாதம் வரை 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) பிளான். நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள், நாளின் பாதி வீடியோ காலில் போகும். மகன் ஆன்லைனில் படிக்கிறான், மாலையானால் டிவி ஓடும். எல்லாம் சேர்ந்து திணறுகிறதே என்று 300-க்கு மாறினோம். பணம் கூடியது, வேகம் கூடவில்லை.

கீழே ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கணினியில் கேபிள் போட்டு வேகம் பார்த்தால் 94. காலையில் 94, நள்ளிரவில் 94. மாடி அறையில் ஃபோனில் பார்த்தால் 35, சில நாள் 25. பதிவேற்றம் கணினியில் 19, 20 என்று வருகிறது. வாடிக்கையாளர் சேவையில் நான்கு முறை பேசிவிட்டேன். "எங்கள் பக்கம் 300 சரியாக இருக்கிறது, ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. மாலை 6 மணிக்கு மேல் கால் பேசினால் என் குரல் வெட்டி வெட்டிப் போகிறதாம். எதிர்முனையில் இருப்பவர்கள் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது.

500 பிளானுக்குப் போனால் தீருமா? இல்லை, நிறுவனத்தையே மாற்றிவிடலாமா?

#2 வடதிசை

இதே அனுபவம் எனக்கும் உண்டு சகோதரி. விளம்பரத்தில் "300 எம்பிபிஎஸ் வரை" என்று போட்டிருப்பார்கள். அந்த "வரை"யை நாம் கவனிப்பதில்லை. ஒரே ஃபைபரை 32 வீடு, 64 வீடு என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் 300 எங்கிருந்து வரும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015/2120 என்ற விதி இருக்கிறது. வீட்டு இணைப்புக்கான ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம், வழக்கமாகக் கிடைக்கும் வேகம், அதிகபட்ச வேகம் மூன்றையும் தனித்தனியாக எழுதியாக வேண்டும். எல்லா இடத்திலும் அப்படி வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உங்கள் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம் என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் யோசிக்காமல் மாறிவிடுங்கள்.

#3 கம்பித்தடம்

வடதிசை சொல்லும் பங்கீடு உண்மைதான். ஜிபான் என்ற முறையில் ஒரு ஃபைபரில் கீழிறங்குவது மொத்தம் 2.488 ஜிபிபிஎஸ் (1 ஜிபிபிஎஸ் என்றால் 1000 எம்பிபிஎஸ்), மேலேறுவது 1.244 ஜிபிபிஎஸ். 32 வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 77 எம்பிபிஎஸ்தான். ஆனால் 32 வீடும் ஒரே நொடியில் முழு வேகத்தை இழுப்பது கிடையாது, அதனால்தான் அந்தக் கணக்கு ஓடுகிறது.

மின்மினி வீட்டில் நோய் அது இல்லை. பங்கீட்டால் வேகம் குறைந்தால் எண் ஆடும். காலையில் 280 வரும், இரவு 9 மணிக்கு 150 வரும். இங்கே எந்த நேரம் பார்த்தாலும் 94. ஆடாமல் நிற்கும் 94-ஐ நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் (கேபிள் வழி இணைப்பு முறை) மாட்டிக்கொண்ட இணைப்புக்கு அது அடையாளம்.

ஏன் 94? தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும், ஒரு முழுப் பொட்டலம் கம்பியில் 1538 பைட் அளவுக்கு இடம் பிடிக்கும். முகவரி, தலைப்பு, இரண்டு பொட்டலத்துக்கு நடுவே விடும் இடைவெளி எல்லாம் போக நமக்கு வந்து சேருவது 1448 பைட். 100-க்கு இதே விகிதத்தைப் போட்டுப் பாருங்கள், 94 சொச்சம் வரும். 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் இதே கணக்கு 941.

ஆக உங்கள் 300 வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கும் ஒரு மீட்டர் கேபிள்தான் அதைத் தடுக்கிறது. மூன்றைப் பாருங்கள்:

கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 100 என்று இருக்கிறதா, 1000 என்று இருக்கிறதா?
ரவுட்டரின் போர்ட்டுகள் (கேபிள் செருகும் இடங்கள்) ஜிகாபிட் வகையா, அதாவது 1000 எம்பிபிஎஸ் தாங்குமா? மலிவான ரவுட்டர் பலவற்றில் 100 போர்ட்டுதான் இருக்கும்.
கேபிளின் இரு முனையிலும் கண்ணாடி போன்ற கனெக்டருக்குள் எட்டு நிறக் கம்பியும் முழுதாக உள்ளே போயிருக்கிறதா?

பிளானை அதுவரை தொடாதீர்கள். 500 போட்டாலும் இந்தக் கேபிளில் 94தான் வரும்.

#4 பழையவீடு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு 100 எம்பிபிஎஸ் பிளான். வேகச் சோதனையில் 95 காட்டுகிறது, மகிழ்ச்சி. ஆனால் பெரிய கோப்பு ஒன்றை இறக்கினால் 11.6 என்றுதான் ஓடுகிறது. எங்கே போகிறது மீதி?

#5 நீலக்குறிஞ்சி

எங்கேயும் போகவில்லை ஐயா. வேகத்தை விற்பவர்கள் பிட் கணக்கில் சொல்கிறார்கள், கோப்பின் அளவைக் கணினி பைட் கணக்கில் சொல்கிறது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 95-ஐ 8-ஆல் வகுத்தால் 11.9. உங்களுக்கு வருவது முழு வேகம்தான்.

இதோடு இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இது பல இடத்தில் கைகொடுத்திருக்கிறது: 1 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 0.45 ஜிபி. ஆகவே 100 எம்பிபிஎஸ் முழுதாக ஒரு மணி நேரம் ஓடினால் 45 ஜிபி. 90 ஜிபி விளையாட்டு ஒன்றை இறக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்று உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிடலாம். 300 பிளான் என்றால் 40 நிமிடம். வேகமான பிளானில் நமக்குக் கண்கூடாகக் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் இதுதான், பெரிய கோப்புகள் சீக்கிரம் வந்து சேரும். டிவி பார்ப்பதில் வித்தியாசமே தெரியாது. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது 15 எம்பிபிஎஸ், 1080 தரத்துக்கு 5. வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் தாராளம்.

மின்மினி, உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு 4கே டிவி, இரண்டு கால் ஓடினாலும் 40-ஐத் தாண்டாது. 100 பிளானே திணறியது என்றால் திணறியது பிளான் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

#6 மின்மினி

கம்பித்தடம் அண்ணா, பார்த்துவிட்டேன். கணினியில் "100/100" என்றுதான் காட்டுகிறது. ரவுட்டரின் அடியில் உள்ள லேபிளில் ஜிகாபிட் என்று போட்டிருக்கிறது.

கேபிளைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கேபிள் மேல் அதன் தர வகை கேட் 5இ என்று அச்சிட்டிருக்கிறது. ரவுட்டர் பக்க முனையில் எட்டுக் கம்பியும் வரிசையாக இருக்கின்றன. கணினி பக்க முனையில் கடைசியாக இருக்கும் பழுப்புக் கம்பி மட்டும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மற்ற ஏழும் முன்சுவரைத் தொடுகின்றன, அது மட்டும் தங்க நிறத் தகட்டுக்கு எட்டவில்லை. அரை விரற்கடை கூட இருக்காது அந்த இடைவெளி. இதுவா காரணம்?

#7 கம்பித்தடம்

அதேதான். இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும் தங்கச்சி.

100 எம்பிபிஎஸ் ஓட நான்கு கம்பி போதும், 1, 2, 3, 6 ஆகிய இடங்களில் இருப்பவை. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பழுப்பு ஜோடி 7, 8-ஆம் இடம். அது தொடாவிட்டாலும் 100-க்கு ஒரு குறையும் இல்லை. அதனால் ரவுட்டரும் கணினியும் ஜிகாபிட்டுக்கு முயன்று பார்த்துவிட்டு, முடியாமல் 100-க்கு இறங்கி ஒத்துப்போய்விட்டன. பழைய பிளான் 100 என்பதால் இத்தனை நாளும் வெளியே தெரியவில்லை.

முனையை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டு கிரிம்ப் அடித்தால் (கருவியால் அழுத்திப் பொருத்தினால்) தீர்ந்தது. வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரு முனையும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். கிரிம்பர் இல்லை என்றால் நீளம் அளந்து ஆயத்தக் கேபிள் வாங்கிவிடுங்கள். கேட் 5இ போதும், 100 மீட்டர் வரைக்கும் ஜிகாபிட் தாங்கும். விலை உயர்ந்த கேபிளை விற்பவர் பேச்சில் விழ வேண்டாம். தட்டையாக ரிப்பன் மாதிரி வரும் கேபிளை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. உள்ளே கம்பி மெலிது, கதவிடுக்கில் நசுங்கினால் மறுபடி இதே கதை.

#8 மின்மினி

புதுக் கேபிள் போட்டாயிற்று. 291! இரண்டாம் முறை 288. மூன்று வாரம், நான்கு ஃபோன் கால், ஒரு கம்பி. மனதாரச் சொல்கிறேன், நன்றி அண்ணா.

மாடியில் மட்டும் அதே 35. குரல் வெட்டுவதும் நேற்று மாலை அப்படியே இருந்தது.

#9 இரவுப்பறவை

அக்கா, மாடிக்கு வைஃபை 6 ரவுட்டர் வாங்குங்க. நிறுவனம் கொடுக்கும் ரவுட்டரை நம்பவே கூடாது. நான் மாற்றிய அன்றே என் அறையில் வேகம் நாலு மடங்கு ஆனது.

#10 நீலக்குறிஞ்சி

தம்பி, உங்கள் அறையில் ஆனது உண்மையாக இருக்கும். ஆனால் அளக்காமல் வாங்கச் சொல்லக் கூடாது. மின்மினியிடம் இருக்கும் ரவுட்டரே அதற்கு முந்தைய தலைமுறையான வைஃபை 5 வகையாக இருந்தால், பக்கத்தில் நின்றால் ஃபோனில் 300 முழுதாக வர வேண்டும். அது வந்தால் ரவுட்டர் குற்றவாளி இல்லை, தூரமும் சுவரும்தான்.

மின்மினி, இப்படிச் செய்யுங்கள். ரவுட்டரிலிருந்து மூன்று அடி தள்ளி நின்று ஃபோனில் ஒரு முறை, மாடிப்படியின் பாதியில் ஒரு முறை, அறை வாசலில் ஒரு முறை, மேசையில் ஒரு முறை. ஒவ்வொரு இடத்திலும் ஃபோன் எந்த வைஃபை அலைவரிசையில், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா, 5-இல் இருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

#11 மின்மினி

மூன்று அடியில் 286, 5 ஜிகாஹெர்ட்ஸ். படியின் பாதியில் 140. அறை வாசலில் 5 ஜிகாஹெர்ட்ஸ் அறுந்து 2.4-க்கு மாறிவிடுகிறது, 41. மேசையில் 35.

ரவுட்டர் முன்வாசலுக்குப் பக்கத்தில், இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஃபைபர் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது, அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்திவைப்போம், கேபிள்கள் அசிங்கமாகத் தெரியுமே என்று.

#12 நீலக்குறிஞ்சி

இரும்பு அலமாரிக்குள் வைஃபை ரவுட்டர் என்பது, குடத்துக்குள் விளக்கை வைத்துவிட்டுக் கூடம் இருட்டாக இருக்கிறதே என்பது போல. முதலில் அதை வெளியே எடுங்கள். தோள் உயரத்துக்கு மேல், வீட்டின் நடுப்பகுதிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு. பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, ஃபிரிட்ஜ் இவற்றின் பின்னால் மறைய வேண்டாம்.

2.4 அலை சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் அதில் இடம் குறைவு. ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். அக்கம்பக்கத்து வீடு எல்லாம் அதே மூன்றில் நெருக்கியடிக்கும், புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான். ரவுட்டர் அமைப்பில் 2.4-க்கு சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 40 என்று வைத்தால் எண் பெரிதாகத் தெரியும், நெரிசலான இடத்தில் நடைமுறை மோசமாகும். 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் கான்கிரீட் தளம் ஒன்று குறுக்கே வந்தால் சோர்ந்துவிடும்.

இன்னொன்று: வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மூலையில் பலவீனமாக இருக்கும் ஒரு பழைய ஃபோன், தன் சின்னச் செய்தியை மெதுவாகச் சொல்லி முடிக்கும் வரை மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். அதனால்தான் டிவி, கணினி மாதிரி நகராத பொருள்களைக் கேபிளில் போடச் சொல்கிறோம். அவற்றுக்கு மட்டுமல்ல, வைஃபையில் மிச்சம் இருப்பவர்களுக்கும் அது நல்லது.

#13 கம்பித்தடம்

ரவுட்டரை நகர்த்துவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. உள்ளே வரும் மெல்லிய ஃபைபர் கேபிளை இழுக்காதீர்கள், முடிச்சுப் போடாதீர்கள், பென்சிலில் சுற்றுவது போல் இறுக்கிச் சுற்றாதீர்கள். கண்ணாடி இழை அது. இறுக்கமாக வளைந்த இடத்தில் ஒளி வெளியே கசியும். 3 டெசிபெல் போனால் பாதி ஒளி போனதற்குச் சமம். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் பெறும் ஒளி அளவு என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 15-இலிருந்து மைனஸ் 25 வரை இருந்தால் எனக்கு நிம்மதி. மைனஸ் 27-ஐ ஒட்டிவிட்டால் அடிக்கடி அறுபடும், முன்னால் சிவப்பு விளக்கு எரியும். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒளி இருக்கும். முனை பச்சை நிறம் என்றால் அது 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீல முனையோடு சேர்க்கக் கூடாது.

உங்களுக்கு நான் சொல்லும் வழி: ஃபைபர் பெட்டியை அங்கேயே விடுங்கள், அலமாரியை மட்டும் நகர்த்துங்கள். அங்கிருந்து மாடிக்கு ஒரு கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளைச் சுவரோரமாகக் கொண்டுபோய், மாடி வராந்தாவில் ஒரு அக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வையுங்கள். பழைய ரவுட்டர் ஏதாவது கிடந்தால் அதையே அப்படி மாற்றலாம், அதில் டிஎச்சிபி-யை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்துவிட்டு, அதன் முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றிக்கொண்டால் போதும். மெஷ் பெட்டிகளும் (ஒன்றோடொன்று சேர்ந்து வீடெங்கும் வைஃபை பரப்புபவை) நல்லவைதான். ஆனால் நடுவில் கேபிள் இல்லாமல், ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே அனுப்பும் வகை என்றால் பாதி வேகம் அங்கேயே கரைந்துவிடும்.

#14 நீலக்குறிஞ்சி

இப்போது குரல் விஷயம். நீங்கள் முதல் பதிவிலேயே துப்புக் கொடுத்துவிட்டீர்கள், நான்தான் கவனிக்கத் தாமதம். எதிர்முனை உங்களுக்குக் கேட்கிறது, உங்கள் குரல்தான் போகவில்லை. அப்படியானால் அடைப்பு மேலேறும் வழியில். உங்கள் பிளான் 300 இறக்கம், 20 ஏற்றம். மாலை 6 மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது? யாராவது வீடு திரும்புகிறார்களா?

ஒரு சோதனை: கேபிள் போட்ட கணினியில் கட்டளைச் சாளரம் திறந்து 1.1.1.1 என்ற பொது சர்வருக்குத் தொடர்ச்சியாகப் பிங் (சின்னச் செய்தி ஒன்று போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள். பத்து வரி பாருங்கள். பிறகு அதை ஓடவிட்டபடியே பெரிய கோப்பு ஒன்றை எங்காவது பதிவேற்றுங்கள். எண்கள் எப்படி மாறுகின்றன என்று சொல்லுங்கள்.

#15 மின்மினி

சும்மா இருக்கும்போது 8, 9, 8, 9 மில்லிநொடி. பதிவேற்றத்தைத் தொடங்கியதும் 70, 240, 480, 610, 605. நிறுத்திய மறு நொடி மறுபடி 9.

6 மணிக்கு மகன் பயிற்சி முடிந்து வருவான், கணவரும் அந்த நேரத்தில்தான். இருவர் ஃபோனும் வீட்டு வைஃபையைத் தொட்டதும் அன்றைய படங்களை, வீடியோக்களைக் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும். இப்போதுதான் எனக்குப் பொறி தட்டுகிறது. பிளான் மாற்றியதில் பதிவேற்றம் கூடவே இல்லை. 100 பிளானிலும் 20தான் இருந்தது.

#16 நீலக்குறிஞ்சி

இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பில் இதே மாதிரி அளந்து பார்த்துத்தான் இதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ரவுட்டர், மோடம் செய்பவர்கள் ஒரு பொட்டலம்கூட விழக்கூடாது என்று உள்ளே பெரிய காத்திருப்பு வரிசையை வைத்துவிடுகிறார்கள். ஃபோன் படத்தை ஏற்றும்போது அந்த வரிசை நிரம்பும். 1.5 எம்பி அளவுக்கு வரிசை நின்றால், 20 எம்பிபிஎஸ் வழியில் அது வெளியேற 0.6 நொடி ஆகும். உங்கள் 610 இதோடு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். உங்கள் குரல் பொட்டலம் மிகச் சின்னது, ஆனாலும் அந்த வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். வேகச் சோதனையின் எம்பிபிஎஸ் எண் இதைக் காட்டாது, அது எவ்வளவு போகிறது என்று அளக்கிறது, எவ்வளவு காத்திருந்தது என்று அளப்பதில்லை.

தீர்வு பிளானில் இல்லை, ரவுட்டரில் இருக்கிறது. அமைப்பில் எஸ்கியூஎம் அல்லது ஸ்மார்ட் கியூ (காத்திருப்பு வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி) என்று இருந்தால் அதை இயக்கி, பதிவேற்றத்தை 20-க்குப் பதில் 18 என்று வையுங்கள். வரிசை இனி நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் உங்கள் ரவுட்டரிடம் நிற்கும், அது எஃப்கியூ கோடல் அல்லது கேக் என்ற முறையில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முறை வைத்து விடும். 2 எம்பிபிஎஸ் இழப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ரவுட்டரில் அந்த வசதி இல்லை என்றால், இப்போதுதான் இரவுப்பறவை சொன்ன புது ரவுட்டருக்கு நியாயம் வருகிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய மாதிரியாகப் பாருங்கள். அதுவரை, இருவர் ஃபோனிலும் படம் ஏற்றுவதை நள்ளிரவுக்குத் தள்ளிவையுங்கள்.

#17 வடதிசை

அவசரப்பட்டு நிறுவனத்தை மாற்றச் சொன்னதற்கு வருந்துகிறேன் சகோதரி. ஆனால் பணம் பற்றி யாரும் பேசவில்லை, அதை நான் சொல்கிறேன். உங்கள் 300 பிளானில் மாத வரம்பு எவ்வளவு? வரம்பு முடிந்தால் எவ்வளவு வேகத்துக்கு இறக்குகிறார்கள்? "வரம்பற்றது" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, நியாயப் பயன்பாடு என்று அடியில் சின்னதாக ஓர் எண் இருக்கும். பிளானின் உண்மையான முகம் அந்தச் சின்ன எண்ணில்தான் இருக்கிறது.

நீலக்குறிஞ்சி கொடுத்த கணக்கையே போடுங்கள். வரம்பு 1 டிபி (1000 ஜிபி) என்றால், 300 எம்பிபிஎஸ் முழுதாக ஓடினால் ஏழரை மணி நேரத்தில் தீரும். அப்படி யாரும் ஓட்டுவதில்லை, சரி. ஆனால் 4கே டிவி மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் மாதம் 630 ஜிபி அதற்கே போய்விடும். வேகம் கூடினால் செயலிகள் தாமாகவே உயர்ந்த தரத்துக்குத் தாவும். வேகத்தைக் கூட்டிவிட்டு வரம்பைக் கூட்டாத பிளானில் மாதக் கடைசி வாரம் ஆமை வேகம்தான். பதிவேற்றமும் பல இடங்களில் வரம்பில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

பிளான்களை ஒப்பிடும்போது மாதத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். நிறுவும் கட்டணம், ரவுட்டர் வாடகை, வரி, சலுகை முடிந்த பிறகு வரும் தொகை எல்லாவற்றையும் கூட்டி ஓர் ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுதி 12-ஆல் வகுங்கள். நான் இப்படி எழுதிப் பார்த்தபோது மலிவு என்று நினைத்திருந்தது இரண்டாம் இடத்துக்குப் போனது. அமெரிக்காவில் 2024 முதல் பிளானோடு விலை, வேகம், தாமதம், வரம்பு எல்லாம் அச்சிட்ட ஒரு சீட்டைக் காட்ட வேண்டும் என்று விதி, உணவுப் பொட்டலத்தில் இருப்பது போல. அங்கே அகலக்கற்றைக்கு இப்போதைய அளவுகோலே 100 இறக்கம், 20 ஏற்றம்.

#18 பழையவீடு

இவ்வளவு படித்த பிறகு எனக்கும் கேட்கத் துணிவு வந்துவிட்டது. ஃபைபருக்கு மாறியதிலிருந்து வெளியே இருக்கும்போது வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியவில்லை. பழைய இணைப்பில் வெளியிலிருந்து கேமராவை எட்ட ரவுட்டர் அமைப்பில் ஒரு போர்ட் (நுழைவழி) திறந்து வைத்திருந்தேன், அதே அமைப்பைத்தான் இங்கேயும் செய்தேன்.

#19 நீலக்குறிஞ்சி

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் (WAN, வெளி இணையப் பக்கம்) முகவரி என்ன என்று பாருங்கள் ஐயா. 100.64-இலிருந்து 100.127 வரைக்கும் ஏதாவது ஒன்றில் தொடங்கினால் உங்களுக்குத் தனி முகவரி இல்லை. பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் கதவு எது என்று தெரியாது. பழைய ஐபி முறையில் மொத்தமே 430 கோடி முகவரிகள், உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது.

தனிப் பொது முகவரி கேட்டுப் பாருங்கள், சிலர் கூடுதல் கட்டணத்துக்குக் கொடுப்பார்கள். அல்லது வயர்கார்ட், டெயில்ஸ்கேல் மாதிரி உள்ளிருந்து வெளியே பாதை போடும் வழி. உண்மையில் அதுதான் பாதுகாப்பும்கூட. கேமராவின் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைப்பது எனக்குப் பயமாக இருக்கும். கூடவே ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டீர்களா என்றும் பாருங்கள், பெட்டியோடு வந்ததை அப்படியே விட்டவர்கள்தான் அதிகம்.

#20 இரவுப்பறவை

அக்கா, பஃபர்புளோட் விளக்கம் படித்துவிட்டு எஸ்கியூஎம் போட்டேன், விளையாடும்போது இனி குதிப்பதில்லை. ஆனால் வெளிநாட்டு சர்வரில் பிங் 150-க்குக் கீழே வரவே மாட்டேன் என்கிறது. 1 ஜிபிபிஎஸ் பிளான் போட்டால் குறையுமா?

#21 கம்பித்தடம்

குறையாது தம்பி. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 8000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப 80 மில்லிநொடி அங்கேயே போய்விட்டது, அதுவும் கேபிள் நேர்கோட்டில் போனால். கடலடிக் கேபிள் சுற்றித்தான் போகும். அருகில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுங்கள், அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

#22 மின்மினி

பத்து நாள் கழித்து வருகிறேன்.

அலமாரி போய்விட்டது. மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து, பரணில் கிடந்த பழைய ரவுட்டரை அக்சஸ் பாயின்ட்டாக மாற்றினோம். என் மேசையில் இப்போது ஃபோனில் 210. எங்கள் ரவுட்டரில் எஸ்கியூஎம் இல்லை, ஆகவே அது இருக்கும் ஒன்றை வாங்கி, பதிவேற்றத்தை 18-இல் நிறுத்தினேன். நேற்று மாலை வேண்டுமென்றே இரண்டு ஃபோனிலும் படம் ஏற்றச் சொல்லிவிட்டுப் பிங் பார்த்தேன்: 11, 13, 12, 14. காலில் ஒருவர்கூட "உங்கள் குரல் வரவில்லை" என்று சொல்லவில்லை.

வடதிசை சொன்னபடி ஆண்டுக் கணக்கு எழுதினேன். இதே நிறுவனத்தில் 100 இறக்கம், 100 ஏற்றம் என்று ஒரு பிளான் இருக்கிறது, விளம்பரத்தில் எங்கும் காட்டுவதில்லை, பட்டியலின் அடியில் கிடக்கிறது. கட்டணம் 300 பிளானைவிடக் குறைவு, மாத வரம்பும் அதேதான். அடுத்த மாதம் அதற்கு மாறுகிறேன். பதிவேற்ற வரம்பை 18-இலிருந்து 90-க்கு மாற்ற வேண்டும் என்று ரவுட்டரின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவைத்திருக்கிறேன்.